பஸ்ஸுக்கு அடியில் தூங்கியவர்

கடவுள் துணை
பிப்ரவரி 9

என் அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே அவரும் நானும் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? டிப்போவில் ரிப்பேர் பார்க்க பஸ்ஸுக்கு அடியில் போகும்போது கீழே சாக்கு விரித்துக்கொள்கிறாயா, இல்லை வெறுந்தரையிலேயே மண்டி போடுகிறாயா? தினமும் சாமி கும்பிடும்போது உன் முழங்காலுக்கென்று தனியாக ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறேன். நீ சிரிப்பாய். சிரி.

போன ஃபிலிம் ரோலை நீ கழுவி அனுப்பிய படங்கள் வந்து சேர்ந்தன. ஜன்னலோரம் வாளியை வைத்து எடுத்தேனே, அதில் தண்ணீர் அப்படியே வெள்ளி மாதிரி விழுந்திருக்கிறது. படத்துக்குப் பின்னால் நீ பென்சிலால் எழுதியிருந்ததையும் படித்தேன். "வாளி நன்று. மூலையில் தெரியும் கட்டைவிரல் யாருடையது?" என்னுடையதுதான். "அடுப்படிப் படம் ஆடியிருக்கிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்கச் சொன்னேனே." பிடித்தேன் அக்கா. குக்கர் விசில் அடித்துவிட்டது.

எட்டாம் வகுப்போடு நின்றவள், பொட்டலம் கட்டி வந்த காகிதங்களைப் படித்துப் படித்தே எழுத்தைக் காப்பாற்றிக்கொண்டவள், இன்று எந்த வெயிலுக்கு எந்த எண்ணில் கேமராவைத் திருப்ப வேண்டும் என்று மனக்கணக்குப் போடுகிறேன். எல்லாரும் போனில் எடுத்துப் போனிலேயே பார்த்து முடிக்கிற காலத்தில் அக்காளும் தங்கையும் ரோலைத் தபாலில் அனுப்பி விளையாடுகிறார்கள் என்று அவர் கேலி செய்கிறார். செய்யட்டும். தபால்தலைச் செலவை நோட்டில் கணக்கு எழுதி வைப்பதால் நீயும்தான் என்னைக் கணக்குப்பிள்ளை என்கிறாய். எனக்கென்று ஒரு போன் வைத்துக்கொள்ளாததும் உன்னால்தான். உன் குரல் கேட்டால் எனக்கு அழுகை வந்துவிடும். கடிதத்தில் அழுதால் மை கலையும் என்பதால் அழாமல் எழுதப் பழகியிருக்கிறேன்.

என் வேண்டுதல் உனக்குத் தெரியும். நீ மறுபடியும் என் வீட்டுப் படி ஏற வேண்டும். அன்றைக்கு விருந்தாளிகளுக்கு முன்னால், "பஸ்ஸுக்கு அடியில படுத்துக் கிடக்குற பொம்பளைக்கு போட்டோ புடிக்கிற ஆசை வேறயா?" என்று அவர் கேட்டது தப்பு. நீ தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து, "இவர் தன் வாயால கூப்பிடுற வரைக்கும் இந்தப் படி மிதிக்க மாட்டேன்" என்று போனாயே, அதையும் தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் நடுவில் நான் என்ன பண்ணுவது? உங்கள் இருவருக்கும் ஒரே பிடிவாதம். ஒரே வயிற்றில் பிறந்தது நீயும் நானுமா, நீயும் அவருமா என்று சில நாள் எனக்கே சந்தேகம் வந்துவிடுகிறது.

நீ அனுப்பிய புது ரோலைக் கேமராவில் போட்டாயிற்று. டப்பியிலிருந்து ஃபிலிம் நுனி நாக்கு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தால் என்னைப் பழிப்பது போலவே இருந்தது.

உன் தங்கை


பிப்ரவரி 15

கணக்குப்பிள்ளைக்கு,

முழங்கால் கிடக்கட்டும். ஒரு அவசரம். வீட்டு போனுக்கு அடித்தேன், உன் வீட்டுக்காரர் எடுத்தார், வைத்துவிட்டேன். அதனால் இந்தக் கடிதம்.

ஃபிலிமில் போட்டோ எடுப்பவர்கள் சங்கத்தின் கண்காட்சிக்காக எங்கள் டிப்போவுக்குள் படம் எடுக்க மேனேஜர் ஒரே ஒரு நாள் அனுமதி கொடுத்தார். ரிப்பேர் பள்ளத்துக்குள் ஸ்டாண்டை நிறுத்தி, டைமர் வைத்து, நான் வேலை செய்வதை நானே எடுத்தேன். அந்த ரோலைக் காணோம். அலமாரியில் இருப்பது உனக்கு அனுப்ப எடுத்து வைத்த புது ரோல். அப்படியானால் உனக்கு வந்தது எது?

பெரிய சுருளாக வாங்கி, வெட்டி, பழைய டப்பிகளில் நானே அடைப்பவள் நான். எல்லா டப்பியும் ஒரே முகம். வீட்டிலேயே கழுவுவதால், எடுத்து முடித்த ரோலையும் நாக்கு வெளியே இருக்கும்படிதான் சுருட்டுவேன், பிறகு இழுக்க வசதி. அடையாளத்துக்கு நுனியை மடித்துவிடுவது வழக்கம். அன்று கையெல்லாம் கிரீஸ். மடித்த மாதிரி ஞாபகம் இல்லை.

நுனியை நீ பார்த்தாயா? உன்னைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன், இனி ஒரு படமும் எடுக்காதே. எடுத்தால் என் படத்தின் மேலேயே உன் படம் ஏறிவிடும். அப்படியே சுருட்டி அனுப்பு. வருஷா வருஷம் அந்தச் சங்கம் என் படங்களைத் திருப்பி அனுப்புகிறது. இந்தத் தடவை உள்ளே நுழைந்துவிடுவேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அக்கா


கடவுள் துணை
பிப்ரவரி 20

அக்கா,

திட்டாதே. இல்லை, திட்டு. உன் கடிதம் வருவதற்குள் ரோல் முடிந்துவிட்டது.

நுனி மடிந்திருக்கவில்லை. நேராகத்தான் இருந்தது. ஒரு ரோலை எப்படியெல்லாம் இழுத்துப் பிடித்துச் செலவு செய்பவள் நான் என்பது உனக்குத் தெரியும். இந்த வாரம் பார்த்து வெயில் அப்படி அழகாக அடித்தது. கொடியில் துணி, மாடிப்படி, அடுப்பு, பாத்திரத்தில் தெரிந்த என் முகம் என்று கை ஓடிக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் சோபாவில் பேப்பரை மார்பில் போட்டுக்கொண்டு தூங்கினார். விழித்திருக்கும்போது கேமராவைக் கண்டால் உடனே ஆபீஸ் முகத்தை எடுத்து மாட்டிக்கொள்வார். அதனால் கிடைத்ததடா சந்தர்ப்பம் என்று சோபாவைச் சுற்றிச் சுற்றி எடுத்தேன். கடைசியில் அவர் புரண்டு படுத்தபோது ரோலும் தீர்ந்தது.

இத்துடன் அனுப்பியிருக்கிறேன். சாமி முன்னால் வைத்துத்தான் பொட்டலம் கட்டினேன். ஆனால் என்னவென்று வேண்டிக்கொள்வது? எடுத்ததை எடுக்காததாக ஆக்கு என்று எந்தச் சாமியிடம் கேட்க முடியும்? சும்மா நின்றேன்.

ஏற்கனவே என் வீட்டால் உனக்கு ஒரு அவமானம். இப்போது என் கையால் ஒரு நஷ்டம். இதற்குப் பிறகு நீ படி ஏறாவிட்டால் உன்மேல் குறை சொல்ல எனக்கு எந்த வழியும் இல்லை.

உன் தங்கை


பிப்ரவரி 27

தங்கச்சி,

உன்னைத் திட்டி நாலு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். நீ அதைப் படிக்காமல் போனது உன் அதிர்ஷ்டம், சில வார்த்தைகள் ஷெட்டில் ஆண்பிள்ளைகளே சொல்லாதவை.

ரோலைக் கழுவ மனசே வரவில்லை. டப்பி மேசைமேல் கிடந்தது. போகும்போதும் வரும்போதும் அதை முறைத்தேன். கடைசியில், செத்ததைப் பார்த்துவிடுவோம் என்று குளியலறைக் கதவைச் சாத்தினேன். கழுவிக் கொடியில் தொங்கவிட்டுப் பார்த்தால், நீ நினைக்கிற நாசம்தான். என் ஜாக்கிமேல் உன் துணிக்கொடி. உன் மாடிப்படி என் நெற்றியில் ஏறிப் போகிறது. உன் அடுப்பு என் வயிற்றில் எரிகிறது (அது மட்டும் உண்மை). பல இடங்களில் உன் படத்தின் ஓரம் என் படத்தின் நடுவில் விழுந்து வெட்டியிருக்கிறது. தரையில் உட்கார்ந்து அழுதேன். யாரிடமும் சொல்லாதே.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மீதியைப் பார்த்தேன். ஒன்றே ஒன்று, ஓரத்தோடு ஓரம் பொருந்தி இருந்தது. அதைத்தான் பெரிதாகப் போட்டு உள்ளே வைத்திருக்கிறேன். முதலில் உட்கார், பிறகு பார்.

பார்த்தாயா? பள்ளத்துக்குள் நிற்கிறேன். முகத்திலும் தூக்கிய கையிலும் மட்டும் விளக்கு வெளிச்சம். மேலே பஸ்ஸின் வயிறு, ஒரே இருட்டு. அந்த இருட்டு காலியாக இருந்ததால் உன் படம் அங்கே போய் உட்கார்ந்துவிட்டது. உன் வீட்டுக்காரர் பேப்பரும் கையுமாக, வாய் கொஞ்சம் திறந்தபடி, பஸ்ஸுக்கு அடியில் படுத்துத் தூங்குகிறார்! யார் எங்கே படுத்துக் கிடக்கிறார்கள் பார்! நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டம்மா கதவைத் தட்டி, "என்னம்மா, ஏதாவது கெட்ட சேதியா?" என்று கேட்டார்.

சிரித்து முடித்தபின் இன்னொன்று கண்ணில் பட்டது. ஸ்பானர் பிடித்த என் கை அவர் முதுகுக்கு நேர் கீழே இருக்கிறது. நான் போல்ட்டை முறுக்குவதாகத் தெரியவில்லை. அவர் விழாமல் தாங்கிப் பிடித்திருப்பது போலத் தெரிகிறது. அதற்குமேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதைச் சங்கத்துக்கு அனுப்ப எனக்கு வெறி. ஆனால் தூங்குகிற மனுஷனை அவருக்குத் தெரியாமல் நாலு பேர் பார்க்க மாட்டி வைப்பது சரியில்லை. நாலு பேருக்கு முன்னால் வைத்துத்தானே எனக்கு அவர் அதைச் செய்தார். நான் அதே வேலையைச் செய்ய மாட்டேன். நீ அவரிடம் காட்டு. சரி என்றால் அனுப்புகிறேன். முடியாது என்றால் நெகடிவையும் வெட்டி உனக்கே தந்துவிடுகிறேன். ரோஷத்தில் எழுதவில்லை, நிதானமாகத்தான் எழுதுகிறேன்.

அக்கா


கடவுள் துணை
மார்ச் 6

அக்கா,

காட்டிவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். சாமியை நினைத்துக்கொண்டு நீட்டினேன். கண்ணாடி மாட்டிப் பார்த்தார். கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

"யாரு இது?"

"நீங்கதான்."

"அது தெரியுது. நான் எங்க இருக்கேன்?"

"பஸ்ஸுக்கு அடியில."

"நான் எப்ப அங்க போனேன்?"

ரோல் மாறிய கதையைச் சொன்னேன். போனில் பேசாமல் வைத்தது நீதான் என்பதையும் சொன்னேன். படத்தைத் தூரமாக வைத்துப் பார்த்தார், பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"எனக்கு இவ்வளவு வயிறா?"

"பஸ்ஸோட வயிறும் சேந்திருக்குங்க."

அவர் சிரிக்கவில்லை. நீ எழுதியிருந்ததை அப்படியே வாசித்துக் காட்டினேன், "நான் அதே வேலையைச் செய்ய மாட்டேன்" என்ற வரி உட்பட. அந்த வரிக்கு வந்ததும் டம்ளரைக் கீழே வைத்தார். "உங்கக்கா கை..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. படத்தை இன்னொரு தடவை எடுத்துப் பார்த்துவிட்டு, "நான் ஆபீஸ் போற பஸ்ஸெல்லாம் அந்த டிப்போதானே?" என்றார். ஆமாம் என்றேன். "ம்" என்றார். டீ ஆறி ஆடை படிந்துவிட்டது. சூடு பண்ணித் தரட்டுமா என்றதற்கு ஆறினதையே குடித்துவிட்டுப் போனார். ஆறின டீயை அவர் குடித்து நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் காலை ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அந்த போட்டோவ மாட்டச் சொல்லு. ஆனா கீழ, தூங்குறார்னு எழுதக் கூடாது. யோசிக்கிறார்னு எழுதச் சொல்லு."

அனுப்பு அக்கா! இன்றே அனுப்பு!

உன் தங்கை


கடவுள் துணை
மார்ச் 18

முதல் பரிசுக்காரிக்கு,

உனக்குத் தகவல் வந்திருக்கும். இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை உனக்கு டியூட்டி, நீ கூடத்தைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அதை எழுதாமல் இருந்தால் என் நெஞ்சு வெடித்துவிடும்.

உள்ளே நுழைந்ததும் நேர் எதிர்ச்சுவர். அந்தச் சுவரில் வேறு படமே இல்லை, நம்முடையது மட்டும். கீழே "எடுத்தவர்கள்: அக்காவும் தங்கையும்" என்று போட்டிருந்தது. உனக்கு எப்படி அக்கா மனசு வந்தது? நான் தவறுதலாக ஏறி விழுந்தவள். அந்த வரிக்கு முன்னால் நின்று வாய்க்குள்ளேயே சாமிக்கு நன்றி சொன்னேன். கட்டைவிரல் தெரியாமல் நான் எடுத்த படம் ஊர்ச் சுவரில் தொங்குகிறது!

உன் படங்களைத் திருப்பித் திருப்பி அனுப்பினாரே, அந்தச் சங்கத் தலைவர், என்னிடம் வந்து, "ரெண்டு பேரும் எவ்வளவு நாள் திட்டம் போட்டீங்கம்மா?" என்று கேட்டார். "நாங்க ரெண்டு பேரும் போடல சார், மேல இருக்குறவர் போட்டார்" என்றேன். அவர் மாடியை அண்ணாந்து பார்த்தார்.

இனி இவர் கதையைக் கேள். படத்தைவிட்டு நகரவே இல்லை. வருகிறவர்கள் படத்தைப் பார்ப்பதும் இவரைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். "ஆமா, நான்தான். தூங்கல சார், யோசிச்சிட்டிருந்தேன்" என்று விளக்கம் வேறு. அதன்பின் ஒருவர், "அந்தம்மா யாரு?" என்றார். நான் தள்ளி நின்றேன், ஆனால் காது அங்கேதான் இருந்தது. "என் சம்சாரத்தோட அக்கா. பஸ் மெக்கானிக். அந்தக் கை இல்லன்னா நான் எப்பவோ கீழ விழுந்திருப்பேன் சார்" என்றார். சத்தியமாக இதே வார்த்தைகள்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். இறங்கியதும், பஸ் கிளம்புவதற்குள், அதன் தகட்டை உள்ளங்கையால் லேசாகத் தட்டினார். மாட்டைத் தட்டிக் கொடுப்பது போல.

வாயால் சொன்னார் அக்கா. ஊருக்கு முன்னால் சொன்னார். இது போதாதா? வரமாட்டாயா?

உன் தங்கை


மார்ச் 24

கணக்குப்பிள்ளைக்கு,

போதாது என்று எழுதி உறைக்குள் போட்டும் வைத்திருந்தேன். ஊரிடம் சொன்னார், என்னிடம் சொல்லவில்லையே என்று. அந்தக் கடிதத்தையும் இன்று கிழித்தாயிற்று.

இன்று ஷிஃப்ட் முடிகிற நேரம். பள்ளத்துக்குள் இருந்தேன். மேலே விளிம்பில் பளபளவென்று ஒரு ஜோடி கறுப்பு ஷூ வந்து நின்றது. "யாருங்க அது, ஷெட்டுக்குள்ள இந்த ஷூவோட? வழுக்கி விழுந்தா தூக்குறதுக்கு ஆள் இல்ல" என்றேன்.

"ஏற்கனவே தூக்கியாச்சே" என்றது மேலே ஒரு குரல்.

உன் வீட்டுக்காரர். முகம் தெரியவில்லை, ஷூ மட்டும் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டிருந்தது. "வீட்டுக்கு வாங்க" என்றார், ஏதோ கணக்குப் பிசகைச் சொல்வது போல மெதுவாக.

"கேக்கல. எஞ்சின் சத்தம்" என்றேன். எஞ்சின் அணைத்துக் கிடந்தது. அது அவருக்கும் தெரியும்.

"வீட்டுக்கு வாங்க!"

"இன்னும் கொஞ்சம்."

அப்புறம் பார், ஷெட்டின் தகரக் கூரையே அதிரும்படி, "அக்கா! வீட்டுக்கு வாங்க! அன்னைக்கு நான் பேசினது தப்பு!" என்று கத்தினார். எலக்ட்ரீஷியன் கையிலிருந்ததைக் கீழே போட்டான். ஒரு பஸ்ஸுக்குள்ளிருந்து யாரோ விசில் அடித்தார்கள். இப்போது நன்றாகவே கேட்டது.

கேமரா டூல் பெட்டியில் இருந்தது. அவர் குனிந்து என் பதிலுக்காகப் பள்ளத்துக்குள் பார்த்தபோது ஒன்று எடுத்துவிட்டேன். பின்னால் கூரை வெளிச்சம், முன்னால் அந்த முகம். கண் திறந்திருந்தது. ஆபீஸ் முகத்தை மாட்டிக்கொள்ள அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

ஏணியில் ஏறும்போது கை கொடுத்தார். "கிரீஸ்ங்க" என்றேன். "இருக்கட்டும்" என்று பிடித்துத் தூக்கினார். அவர் சட்டைக் கையில் இருக்கும் கறையைத் தேய்க்காதே. அது போகாது, சோப்புதான் வீண்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வருகிறேன். அன்று விட்டுப் போன தட்டில் பாதி பாக்கி இருக்கிறது, முழுசாகப் போடு. சாப்பிட்டபின் மூன்று பேரையும் டைமர் வைத்து எடுக்கலாம், அவரை மட்டும் சோபாவில் உட்கார விடாதே. உன் சாமிக்கு நன்றி சொல்லும்போது, நுனியை மடிக்காமல் விட்ட என் கிரீஸ் கைக்கும் பாதியைச் சொல்லிவிடு.

இன்றைய ரோலின் நாக்கை முழுசாக உள்ளே இழுத்துவிட்டேன். இதை யாரும் மறுபடி போட முடியாது. படத்தை நானே கையில் கொண்டு வருகிறேன். தபால்தலைக் கணக்கில் இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டு, அதற்குக் கீழே கோடு போட்டுவிடு.

அக்கா