ரேடியேற்றரில் மஞ்சள்தூள்

வெள்ளவத்தை,
ஆவணி 1994

அன்புள்ள தங்கச்சி அன்னபாக்கியத்துக்கு,

உன் முழங்கால் நோவு குறைந்ததா? நான் சுகம். ரியூசனுக்குப் பிள்ளைகள் ஒழுங்காக வருகிறார்கள். அவர்களுக்கு ஆங்கிலம்தான் ஒழுங்காக வருவதில்லை.

உன் அத்தானின் கார் ரேடியேற்றர் மெல்ல ஒழுகியது. சண்டை ஓய்ந்து யாழ்ப்பாணப் பாதை திறக்கும் நாளில் அது ஊர்வரை ஓடவேண்டுமே. அவர் செய்வதுபோல, என்ஜின் ஆறியபின் மஞ்சள்தூளைக் கரைத்து நானே ஊற்றி ஸ்ராட் பண்ணினேன். ஓட்டை அடைபடுமுன் மஞ்சள் தண்ணீர் கொஞ்சம் வாசலால் ஒழுங்கைத் தெருவுக்கு ஓடிவிட்டது. சோதனைக்கு வந்த ஆமிக்காரன் அதை ஏதோ வெடிமருந்தென்று நினைத்துத் துவக்கை நீட்டினான்.

திருத்தமான ஆங்கிலத்தில் விளக்கினேன். அவனுக்கு விளங்கவில்லை. பக்கத்து வீட்டு சோமா மதிலுக்கு மேலால், "கஹ, மாத்தயா, கஹ!" என்று கத்தினாள். சிங்களத்தில் 'கஹ' என்றால் மஞ்சளாம், 'மாத்தயா' என்றால் ஐயாவாம். அவன் விரலால் தொட்டு மணந்து சிரித்தான்.

"ஆச்சி காருக்கும் கறி சமைக்கிறாவோ?" என்று கேட்டானாம். சோமாதான் சொன்னாள். நான் யாருக்கு ஆச்சி?

அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்றிருந்ததால் பொலிசுக்குக் கூட்டிப்போய் அடுத்த நாள் விட்டார்கள். நீ யோசிக்காதே, இருக்கக் கதிரை தந்தார்கள்.

ஒழுக்கு நின்றுவிட்டது. பழைய பருத்திச் சேலை ஒன்று இருந்தால் அனுப்பு, துடைக்கத் துணியில்லை. உடுத்ததாக இருந்தாலும் பரவாயில்லை, தோய்க்காமலே அனுப்பு.

ஊரில் நம் கராச்சுக்குள் விறகு அடுக்குகிறாயாம். காருக்கு இடம் விட்டு அடுக்கு.

கடிதம் கொண்டுவரும் தியாகராசா வாசலில் நின்று அவசரப்படுத்துகிறார்.

உன் அக்கா,
மங்கையர்க்கரசி