மூடாத சொம்பு

என் கண்ணே கனகு,

நீ போன பிறகு உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. நீ இருந்தபோது எழுத என்ன தேவை இருந்தது? சுவருக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான். ஒரு தட்டுத் தட்டினால் "என்ன அண்ணி?" என்று உன் குரல் வரும். இப்போதும் கை சுவர் வரைக்கும் போகிறது. பிறகு பேசாமல் மடக்கிக்கொள்கிறேன்.

பேரன் பத்திரிகை ஆபீசில் அச்சுக் கோக்கிறான் அல்லவா, "நீங்க சொல்லுங்க பாட்டி, நான் எழுதுறேன்" என்றான். வேண்டாம் என்றுவிட்டேன். ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மழை பெய்யாத நாளில் மட்டும் படித்தவள் நான். எழுத்து கோணலாகத்தான் வரும். ஆனால் அவன் எழுதினால் அழகாக எழுதிவிடுவான். எனக்கு அழகு வேண்டாம். யார் எந்த இடத்தில் நின்று என்ன சொன்னார்கள் என்பது இருக்க வேண்டும். நான் எதையும் மறந்தவள் இல்லை, உனக்குத் தெரியாததா? இதை அப்படியே பத்திரிகையில் போடச் சொல்லப்போகிறேன். வந்தால் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லைன் முழுக்கப் படிக்கும். படிக்கட்டும்.

உன் அண்ணனைக் கட்டிக்கொண்டு சுவரோடு சுவர் ஒட்டிய அந்த லைன் வீட்டுக்கு நான் வந்தபோது, நீ அம்மா இல்லாத பெண். கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு, காதில் ஒன்றுமில்லை. ஆனால் சந்தோஷப்படுவதற்கு உனக்குப் பெரிய காரணம் வேண்டியதில்லை. எஞ்சினில் கரி போடுகிற உன் அண்ணன் வேலை முடிந்து அதிலிருந்து ஒரு வாளி வெந்நீர் பிடித்துவந்தால் அன்றைக்கு உனக்குத் தீபாவளி. தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்து, ரயில் வாசம் அடிக்கிறது பாருங்கள் என்று ஈர முடியை என் மூக்கில் ஆட்டுவாய். வெயிலில் காய்ந்த துணியை மடிக்கும் முன் கன்னத்தில் வைத்து அழுத்துவாய். இதெல்லாம் ஒரு சந்தோஷமா என்று நான் கேட்டால், "பின்ன என்ன அண்ணி, சந்தோஷம்னு தனியா ஒண்ணு கப்பல்ல வருதா?" என்பாய்.

எல்லாவற்றுக்கும் மேலே, ஞாயிற்றுக்கிழமை ஆப்பம். பச்சரிசியை ஊறவைத்து ஆட்டி, தேங்காய்ப்பால் பிழிந்து, பாசார் சந்தையில் மலாய்க்கார அம்மா மூங்கில் குழலில் வார்த்து விற்கும் கறுப்பு வெல்லத்தைத் தட்டிப் போட்டு நீ செய்யும் ஆப்பம். ஓரம் பின்னல் போட்ட மாதிரி முறுகலாக, நடுவில் பஞ்சு மாதிரி. மாவு அப்படிப் பொங்க, சனிக்கிழமையே கொஞ்சம் கள் விட வேண்டும். கள் வாங்கி வருவது உன் அண்ணன் வேலை. கள்ளுக்கடைப் பக்கம் குடும்பப் பெண்கள் போவதில்லை.

அந்தச் சனிக்கிழமை உன் அண்ணனைத் திடீரென்று துறைமுகத்துக்குப் போகும் கூட்ஸ் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் கிள்ளானிலிருந்து உனக்குப் பூ வைக்க வருகிறார்கள். மாப்பிள்ளை அங்கே ஒரு தோட்டத்தில் சின்னக் கிராணி. கூலி லைனில் பிறந்த பெண்ணுக்கு ஆபீசில் எழுதுகிற மாப்பிள்ளை என்றால் சும்மாவா? அரிசி ஊறிவிட்டது. கள் இல்லை.

"இருக்கிறதை வெச்சு உப்புமா கிண்டிடலாம் கனகு" என்றேன்.

"முதல் முதலா நம்ம வீட்டுக்கு வராங்க அண்ணி. நம்ம கிட்ட இருக்கிறதுல நல்லது அதுதானே" என்று சொம்பை எடுத்துக்கொண்டாய்.

"வாழையிலையாவது போட்டு மூடிக்கிட்டு வா."

"மூடினா பொங்கித் தள்ளிடும். மூடிக் கொண்டு வர நான் என்ன திருடிட்டா வரேன்?"

பட்டப்பகலில் போனாய். பட்டப்பகலில் வந்தாய். விளிம்பு வரைக்கும் நுரை. ஒரு சொட்டு சிந்தக்கூடாது என்று சொம்பைப் பார்த்துக்கொண்டே, அடிமேல் அடி வைத்து, உடம்பை இப்படியும் அப்படியும் சாய்த்து நடந்து வந்தாய். லைன் முனை வீட்டுக் கிராணியம்மா வராந்தாவில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஸ்டேஷன் கிராணியின் பெண்சாதி. நம் லைனில் நாற்காலி போட்டு உட்காருகிறவள் அவள் ஒருத்திதான்.

"யாருக்குடி கள்ளு?" என்றாள்.

"ஆப்பத்துக்கு அத்தை. நாளைக்கு வாங்க" என்று சிரித்துவிட்டு வந்தாய்.

சாயங்காலம் பைப்படியில் நான் குடத்தோடு நிற்கிறேன். அவள் சொல்கிறாள், என் காதுபடச் சொல்கிறாள்: "பொண்ணு தள்ளாடிக்கிட்டு வருது. நானே கண்ணால பாத்தேன்." கீழே வழிந்த தண்ணீர் என் காலை நனைத்தது கூடத் தெரியவில்லை. நீ சிந்தாமல் நடந்த நடைக்கு அவள் வைத்த பெயர் அது, கனகு. இன்றுவரைக்கும் நான் மன்னிக்கவில்லை. பத்திரிகையிலும் சொல்லிவிட்டேன்.

மறுநாள் மாப்பிள்ளை, அவர் அம்மா, தாய்மாமன் மூன்று பேரும் கிள்ளானிலிருந்து வந்தார்கள். ரயிலிலிருந்து இறங்கி நம் வீட்டுக்கு வரும் வழியிலேயே கிராணியம்மா பேசிவிட்டாள் என்பது அந்த அம்மா செருப்பைக் கழற்றிய விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆப்பம் வைத்தேன். மாப்பிள்ளை குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். அம்மா தட்டைத் தள்ளி வைத்தாள்.

"இதுல கள்ளு விட்டிருக்கா?"

"விடாம எப்படி?" என்றேன்.

"அதை வாங்க உங்க பொண்ணே போச்சாமே. தள்ளாடிக்கிட்டு வந்துச்சாமே."

உன் அண்ணன் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, கரி கழுவிய முகத்தோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். கள் வாங்கப் போனது நீதான் என்று சொல்லிவிடு, என்று எனக்குச் சொல்லும் பார்வை அது. நான் வாயைத் திறந்தேன். சொல்லியிருப்பேன் கனகு. எனக்கு என்ன, கல்யாணம் ஆனவள்தானே.

அதற்குள் நீ அடுப்படியிலிருந்து கரண்டியில் சூடான ஆப்பத்தோடு வெளியே வந்துவிட்டாய்.

"நான்தான் போனேன் அத்தை. நீங்க வரீங்கன்னுதான் போனேன். சொம்பு நிறைய இருந்துச்சு, சிந்தக்கூடாதுன்னு மெதுவா நடந்தேன். குடிக்கலை."

அந்த அம்மா தாய்மாமனைப் பார்த்தாள். பிறகு, பெரிய மனசு பண்ணுகிறவள் மாதிரி, "போனது போகட்டும். கற்பூரம் ஏத்துங்க. இனிமே அந்தப் பக்கம் போக மாட்டேன், பண்ணினது தப்புன்னு உங்க பொண்ணு கையால அணைச்சு சத்தியம் பண்ணட்டும். பூ வெச்சிட்டுப் போறோம்" என்றாள்.

தாய்மாமன் தலையாட்டினார். உன் அண்ணன் மாடத்திலிருந்த கற்பூரத்தைக்கூட எடுத்துவிட்டார். ஒரு நிமிஷ வேலை. கையை நீட்டினால் நீ கிராணி வீட்டு மருமகள். உன்னைப் பார்த்தேன்.

"ஆப்பத்தை விடுன்னா விட்டுடுறேன் அத்தை. கடைப் பக்கம் போகாதேன்னா போகலை. தப்புன்னு சாமி முன்னால எப்படிச் சொல்றது? தப்பே பண்ணலையே."

அவ்வளவுதான். குரல் உயரவில்லை. கரண்டியிலிருந்த ஆப்பம் கீழே விழவில்லை. கொண்டு வந்த பூவை அவர்கள் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். மாப்பிள்ளை படி இறங்கும்போது திரும்பித் தன் தட்டைப் பார்த்தார். பாதி ஆப்பம் மீதி இருந்தது. பாவம், அவரிடம் மட்டும் எனக்குக் கோபமில்லை.

நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். உன் அண்ணன் வெளியே போய் நின்றுகொண்டார். நீ என்ன செய்தாய் என்று ஊர் அறியட்டும். கையைக் கழுவி, தட்டில் ஆப்பத்தை வைத்து, பாலை ஊற்றி, வெல்லத்தை ஒரு கட்டி கூடவே போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாய்.

"ஆறிப்போகுது அண்ணி. வந்து உக்காருங்க."

எப்படி உனக்குத் தொண்டையில் இறங்கியது? அன்றைக்கும் கேட்டேன். கண் கலங்கித்தான் இருந்தது. ஆனால் ஓரத்து முறுகலை முதலில் ஒடித்து, கடைசியில் சாப்பிட என்று தட்டோரம் ஒதுக்கி வைத்தாய். மனசு நொந்த அந்த நேரத்திலும் முறுகலைக் கடைசிக்கு வைத்தவளை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

பிறகு சில வருஷம் யாரும் வரவில்லை. ஆப்பத்துக்காக மாப்பிள்ளையை விட்டவள் என்று எஞ்சின் ஷெட்டு வரைக்கும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் ஒரு நாள் பொன்னுசாமி அண்ணன் வாசலில் வந்து நின்றார். ஷெட்டில் கரி அள்ளுகிறவர். நகக்கண்ணில் கரி, சட்டை மட்டும் வெள்ளை.

"ஆப்பம் சுட்ட வீடு இதுதானே? எனக்குக் குடிப் பழக்கம் இல்லைங்க. ஆனா மாவுக்கு வேணும்னா கள்ளு நானே வாங்கிட்டு வந்து குடுப்பேன்" என்றார் உன் அண்ணனிடம்.

உள்ளேயிருந்து நீ: "கள்ளு நான் வாங்கிக்குவேன். வர்றவர் வெல்லம் வாங்கிட்டு வந்தா போதும்னு சொல்லுங்க அண்ணே."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெல்லத்தோடு வந்தார். அதுதான் உனக்கு நிச்சயம். கல்யாணமாகிப் பக்கத்து வீட்டிலேயே குடித்தனம் வைத்தாய். அதன் பிறகு எத்தனை சனிக்கிழமை, அதே சொம்பு, அதே நடை. மழையில் தலைக்கு முக்காடு, சொம்புக்கு மட்டும் மூடி கிடையாது. நீ ஊருக்கு எதையும் நிரூபிக்கப் போகவில்லை. ஆப்பம் சாப்பிடப் போனாய். அதுதான் எனக்குப் பெருமை.

கிராணியம்மாவின் புருஷன் செத்தபோது முதல் ஆப்பத்தை அந்த வீட்டுக்குக் கொண்டு போகச் சொன்னாயே, ஞாபகம் இருக்கிறதா? கொண்டு போக மாட்டேன் என்று தட்டைக் கீழே வைத்தேன். நீயே எடுத்துக்கொண்டு போனாய். வந்து, "ரெண்டு சாப்பிட்டாங்க அண்ணி" என்றாய். நான் உன்னோடு அன்று முழுக்கப் பேசவில்லை.

இப்போது இங்கே நடப்பதைச் சொல்கிறேன். நீ போனபின் ஆப்பச்சட்டியை நான் தொடவில்லை. போன வாரம் என் மருமகள், உன் வீட்டுப் பெரியவர் வாய்க்கு ருசியாக ஒன்றும் சாப்பிடவில்லையே என்று, சீனக் கடையில் சோடா மாவு வாங்கிப் போட்டு ஆப்பம் சுட்டாள். நல்ல பெண், நல்ல மனசு. ஆப்பம் மட்டும் செருப்புத் தோல். பொன்னுசாமி அண்ணன் ஒரு வாய் தின்றுவிட்டு "நல்லாருக்கும்மா" என்றார்.  பொய் சொல்லத் தெரியாத மனுஷன் அவர். உன் ஆப்பத்தையே ஒரு நாள் உப்புக் குறைவு என்று சொன்னவர். ஆப்ப ருசியே அவருக்கு மறந்துவிட்டதோ என்று பயம் வந்துவிட்டது எனக்கு.

அதனால் இன்றைக்குச் சனிக்கிழமை, உன் சொம்பைப் புளிபோட்டுத் துலக்கி எடுத்தேன். "நான் போய் வாங்கிட்டு வரேன்மா, இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு?" என்று மகன் வழி மறித்தான். "நகருடா" என்றேன்.

கடைக்காரன் என்னை ஏற இறங்கப் பார்த்து, "பாட்டி, உக்காந்து குடிக்கிறீங்களா, வீட்டுக்கா?" என்றான். உக்காந்து குடிக்க உன் கடையில் நாற்காலி சரியில்லை என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நீ இருந்திருந்தால் அங்கேயே உட்கார்ந்து சிரித்திருப்பாய். அவன் வாழையிலைத் துண்டு நீட்டினான். வேண்டாம் என்று வந்தேன்.

அப்போதுதான் தெரிந்தது கனகு, அது எவ்வளவு கஷ்டமான நடை என்று. நுரை விளிம்பில் நடுங்குகிறது. கண்ணை எடுக்க முடியவில்லை. முட்டி வலி வேறு. இப்படியும் அப்படியும் சாய்ந்துதான் நடந்தேன். லைன் முனையில் கிராணியம்மா அதே வராந்தாவில் இருக்கிறாள். கண்ணில் பூ விழுந்து ஆள் சரியாகத் தெரிவதில்லை.

நடையை மட்டும் பார்த்துவிட்டு, "யாரு, கனகா?" என்றாள்.

எனக்குக் கால் நின்றுவிட்டது. இவளுக்குச் சொல்ல எத்தனை வருஷமாக எத்தனை பேச்சுச் சேர்த்து வைத்திருந்தேன். 

"கனகோட அண்ணி" என்றேன்.

அவள் என் பக்கம் முகத்தைத் திருப்பினாள். பிறகு சொன்னாள்: "சிந்தாமப் பாத்துப் போ."

ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் வந்துவிட்டேன். மாவு கலந்து வைத்திருக்கிறேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பானைக்குள் லேசாகப் பொங்கும் சத்தம் கேட்கிறது. நீ காதை வைத்துக் கேட்பாயே, அந்தச் சத்தம்.

நாளைக்கு முதல் ஆப்பம் உன் படத்துக்கு முன்னால். அடுத்தது பொன்னுசாமி அண்ணனுக்கு. உப்புக் குறைவு என்று அவர் சொல்லட்டும் என்றே கொஞ்சம் குறைத்துத்தான் போட்டிருக்கிறேன். ஒன்று கிராணியம்மா வீட்டுக்குப் போகும், பேத்தி கையில். நான் கொண்டு போக மாட்டேன். மன்னிப்பு வேறு, ஆப்பம் வேறு. எனக்கும் ஒரு சின்னச் சந்தோஷம் வேண்டாமா கனகு? அந்தக் கோபம் என்னோடு இருந்துவிட்டுப் போகட்டும்.

உன் அண்ணன் அங்கே உன்னோடுதான் இருப்பார். அன்றைக்கு எடுத்த கற்பூரத்தை நினைத்துக் கடைசிவரை வெட்கப்பட்டார்; விட்டுவிடச் சொல்லு. எனக்குக் கால் நடக்கிற வரைக்கும் ஒவ்வொரு சனிக்கிழமையும் இந்தச் சொம்பு இந்த லைன் வழியாகப் போய் வரும். மூட மாட்டேன். ஓரத்து முறுகலைக் கடைசிக்கு ஒதுக்கி வைப்பேன். இது நான் கற்பூரம் அணைத்துச் செய்யும் சத்தியம்.

பக்கத்துச் சுவரில் இன்னும் கை வைத்திருக்கும்,
உன் அண்ணி