நாலு பாட்டுத் தண்ணீர்

பாடத் தெரியாத, கேட்க மட்டும் தெரிந்த என் அம்மாவுக்கு,

நீ போய் நான்கு மாதம் முடியப்போகிறது. வீட்டில் எல்லோரும் வேளைக்குச் சாப்பிடுகிறோம். செவலைப் பசுவுக்குச் சினை பிடித்திருக்கிறது. கொல்லை முருங்கை காற்றில் ஒரு பக்கம் முறிந்துவிட்டது, அப்பா அதை வெட்டி வேலியில் போட்டிருக்கிறார். நீ வந்தால் முதலில் இவற்றைத்தான் கேட்பாய் என்பதால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

என்னைப் பற்றியும் சொல்லவேண்டும். நான் இன்னும் அழவில்லை அம்மா. வேண்டுமென்று இல்லை, வரவில்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்று வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். யாருடையதோ ஒரு செருப்பில் வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. அந்த ஊக்கு நன்றாக நினைவிருக்கிறது. உன் முகம் அன்றைக்கு எப்படி இருந்தது என்று யோசித்தால் வரமாட்டேன் என்கிறது.

பதினாறாம் நாள் நெடுங்காட்டு அத்தை என் முதுகைத் தடவி, அழுதுவிடு, உள்ளேயே வைத்துக்கொள்ளாதே என்றாள். உள்ளே ஏதாவது இருந்தால்தானே? பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்டால் கன்னம் மரத்துப்போகுமே, ஆள் முழுக்க அப்படி இருக்கிறேன். காரைக்காலுக்கு ஸ்கூட்டியில் போகிறேன், பள்ளிக்கூட அலுவலகத்தில் மாற்றுச் சான்றிதழ் எழுதுகிறேன், டீ குடிக்கிறேன். சர்க்கரை போட்டதா போடாததா என்று தெரிவதில்லை.

இந்தக் கடிதத்தை ஊர் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. உன் விஷயத்தில் நான் ஒரு தப்புச் செய்தேன். எல்லோர் முன்னாலும் செய்தேன். அதை எல்லோர் முன்னாலும்தான் சொல்லவேண்டும்.

படிக்கிறவர்களுக்கு உன்னைத் தெரிந்திருக்காது. பாட்டு என்றால் உயிர் என்று சொன்னதும் உன்னைப் பாடகி என்று நினைத்துவிடுவார்கள். கோட்டுச்சேரிக்கு மேற்கே ஆறு மா நிலத்தில் கால் நனைத்துக்கொண்டு வாழ்ந்தவள் நீ. எனக்குத் தாலாட்டுகூடப் பாடியதில்லை. "என் தொண்ட தகரம், புள்ள பயந்துக்கும்" என்று சொல்லி ரேடியோவைத் தூளிக்குப் பக்கத்தில் வைப்பாயாம். சாமி புறப்பாட்டில் எல்லோரும் தேருக்கு முன்னால் கைகூப்பி நிற்க, நீ நாதஸ்வரக்காரருக்குப் பக்கத்தில் நிற்பாய். சாமியைப் பார்க்க வந்தாயா மேளத்தைப் பார்க்க வந்தாயா என்று அப்பா சீண்டுவார். மேளம் சாமிக்குத்தானே வாசிக்கிறது, நான் சாமியோடு சேர்ந்து கேட்கிறேன் என்று ஒருநாள் பதில் சொன்னாய். அதற்குப் பிறகு அவர் சீண்டுவதை விட்டுவிட்டார்.

கடிகாரத்தோடு உனக்கு ஒட்டுதல் கிடையாது. உன் கணக்கெல்லாம் பாட்டுத்தான். ரெண்டு பாட்டில் சோறு வெந்துவிடும். பஸ் வர இன்னும் ஒரு பாட்டு இருக்கிறது என்று சொல்லி எனக்குச் சடை பின்னுவாய். நாற்றங்காலுக்கு நாலு பாட்டுத் தண்ணீர்.

அந்த நாற்றங்கால் உன்னுடைய ராஜ்யம். முளைகட்டிய நெல்லைச் சேற்றில் தெளித்தபின் முதல் ஒரு வாரம் தண்ணீரைப் பார்த்து விடவேண்டும். கூடினால் முளை மூழ்கி அழுகிப்போகும், குறைந்தால் மண் வெடித்துவிடும். உழுவது, உரம் போடுவது, அறுப்பது எல்லாம் அப்பா. அந்தத் தண்ணீர் மட்டும் நீ. சாயங்காலம் மோட்டாரைப் போட்டுவிட்டு, கொட்டகை ஆணியில் ரேடியோவை மாட்டிவிட்டு வரப்பில் உட்காருவாய். மழைக்குப் பிளாஸ்டிக் பை சுற்றி, கோட்டுச்சேரிமேட்டு மீன்கார அக்கா கொடுத்த பச்சை வலைக்கயிற்றால் கட்டிய ரேடியோ. பழைய மோட்டாரை எடுத்துவிட்டுச் சத்தமில்லாத மோட்டாரை அப்பா இறக்கியது உன் பாட்டுக்காகத்தான் என்று ஊரில் கேலி பேசினார்கள். கரண்ட் மிச்சமாகும் என்று அவர் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வைகாசியில் உனக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. இனிமேல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். உனக்கு எஞ்சியிருந்தது இடது கையில் கொஞ்சம் அசைவும், பார்வையும். தலைமாட்டில் ரேடியோவைச் சத்தம் குறைத்து வைத்தேன். இரண்டு நாள் பாடியது. இரண்டு நாளும் உன் இடது கை விரல் கட்டில் சட்டத்தில் தட்டிக்கொண்டே இருந்தது. தாளம் தப்பவில்லை.

மூன்றாம் நாள்தான் பார்க்க வருகிறவர்கள் வர ஆரம்பித்தார்கள். அத்தையும் வந்தாள். அப்பாவுக்கு மூத்தவள், இந்த வீட்டில் பிறந்தவள், முறை தவறக்கூடாது என்று இருப்பவள். கெட்ட மனது இல்லை.

"என்னடி இது? மூச்சு இழுத்துக்கிட்டுக் கெடக்கா, தலமாட்டுல சினிமாப் பாட்டு போட்டு வச்சிருக்க. வர்றவங்க என்ன நெனப்பாங்க?"

கூடத்தில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ரேடியோவின் திருகை மூடிவிட்டேன்.

உன் விரல் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தட்டினாய். பாட்டு இல்லாமல், ஒவ்வொன்றாக, மூன்று தடவை. கண் என்மேல் இல்லை, ரேடியோமேல் இருந்தது. என்ன கேட்கிறாய் என்று எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி உன் போர்வையைச் சரிசெய்தேன். "அப்புறம் போடறேம்மா" என்றேன்.

ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். மறுநாள் வெயில் ஏறும்போது நீ போய்விட்டாய். நான் போடவில்லை.

வருஷம் திரும்பித் தலைதிவசம் முடியும் வரை வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்கக்கூடாது என்று அத்தை சொல்லி, ரேடியோவைத் துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்தாள். எனக்கு அது வசதியாகவே இருந்தது. அதைப் பார்க்கவேண்டாம் அல்லவா?

ஆனியில் ஒருநாள் மீன்கார அக்கா வந்தாள். நம் வீட்டைத் தாண்டித் தெருக்கோடி வரை போய்விட்டுத் திரும்பி வந்தாளாம். "பாட்டு கேக்குற எடத்துலதான் பாப்பா கூடைய எறக்குவேன். இன்னிக்கு வூடே தெரியல." அன்று மீன் வாங்கவில்லை. ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனாள்.

ஆவணியில் அப்பா சம்பாவுக்கு விதை ஊறவைத்தார். சாயங்காலங்களில் உதவிக்கு நான் நேராக வயலுக்கு வந்துவிடுவதாகச் சொன்னேன். முளையைத் தெளித்த அன்று மோட்டார் கொட்டகையில் நின்றுகொண்டு, உங்கம்மா எவ்வளவு நேரம் விடுவாள் என்று என்னைக் கேட்டார். நாற்பது வருஷமாக விவசாயம் பண்ணுகிற மனுஷன் கேட்கிறார். நாலு பாட்டு என்றேன். நாலு பாட்டு என்றால் எத்தனை நிமிஷம்?

நான் படித்தவள் ஆயிற்றே. பாட்டுக்கு ஐந்து நிமிஷம், நடுவில் பேச்சு, விளம்பரம் எல்லாம் சேர்த்து அரைமணி என்று தீர்ப்புச் சொன்னேன். போனில் நேரம் வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தேன். அது மணியடித்ததும் மோட்டாரை நிறுத்தினேன். மூன்று நாள் இப்படி. மூன்று நாளும் போனைப் பார்த்தேனே தவிர தண்ணீரைப் பார்க்கவில்லை. அப்பா அந்தப் பக்கமே வரவில்லை. நீ உட்காருகிற வரப்பைப் பார்க்க அவருக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது.

நான்காம் நாள் விதையெல்லாம் கிழக்கு மூலையில் ஒதுங்கிக் கிடந்தது. வாத்து மேய்ந்த மாதிரி நடுவில் வெறும் சேறு. குனிந்தால் அழுகல் நாற்றம். அப்பா வந்து பார்த்தார். வீட்டுக்குப் போய் மிச்சமிருந்த விதையை ஊறவைத்தார். அதுவும் போனால் இந்த வருஷம் நமக்குச் சம்பா இல்லை. அப்போதாவது எனக்கு அழுகை வந்திருக்கவேண்டும். கை கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

இரண்டாம் தடவை தெளித்த அன்று அத்தை வந்திருந்தாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அப்பா ஏணி போட்டு ஏறிப் பரணிலிருந்து அந்தத் துணிமூட்டையை இறக்கினார்.

"இன்னும் வருஷம் திரும்பலியே தம்பி" என்றாள் அத்தை.

"நாத்துக்கு ஏதுக்கா தீட்டு?" என்றார். அவ்வளவுதான். மூட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார். நான் பின்னாலேயே போனேன்.

பாட்டுத்தான் வேண்டுமென்றால் போனிலேயே போடலாமே என்று வழியில் சொன்னேன். எனக்கு அந்த ரேடியோவைத் தொட மனதில்லை. அப்பா நடந்துகொண்டே, போனில் பாட்டு நிற்காமல் வரும் என்றார். ரேடியோவில் விளம்பரம் வந்தால்தான் நீ எழுந்திருப்பாயாம். எழுந்து மூலைக்கு மூலை போய் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து, மடையை ஒரு வெட்டு வெட்டிவிட்டு வந்து உட்காருவாயாம். அடுத்த பாட்டு வந்துவிட்டால் பாம்பு வந்தாலும் அசையமாட்டாயாம். நாலு பாட்டு என்றால் நாலு தடவை எழுந்து போய்ப் பார்ப்பது. இத்தனை வருஷம் உன் கூடவே உட்கார்ந்த எனக்கு இது தெரியவில்லை. உன்னை ஏறெடுத்தே பார்க்காதவர் என்று நான் நினைத்த மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது. எங்கே நின்று பார்த்தார் அம்மா, உனக்குத் தெரியுமா?

கொட்டகை ஆணியில் ரேடியோவை மாட்டினார். புது பேட்டரி போட்டார். மோட்டாரைப் போட்டுவிட்டு, நீ போடு என்று எனக்குக் கண் காட்டினார். என் கை திருகு வரை போயிற்று, அதற்குமேல் போகவில்லை. தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டது. அப்பா காத்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் சொன்னேன்.

"அன்னிக்கு அம்மா தட்டுச்சுப்பா. போடச் சொல்லித்தான் தட்டுச்சு. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் போடல."

அவர் என் பக்கம் திரும்பவில்லை. வாய்க்காலில் ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நானும் கால்மாட்டுலதானே உக்காந்திருந்தேன். எனக்கும் கேட்டுச்சு."

பிறகு அவரே கையை நீட்டித் திருகைத் திருப்பினார். கொஞ்சம் கரகரத்துவிட்டுப் பாடியது. என்ன பாட்டு என்று கேட்காதே, என் காதில் ஏறவில்லை. விளம்பரம் வந்தது. இரண்டு பேரும் ஒன்றாக எழுந்தோம். அவர் கிழக்கு மூலைக்குப் போனார், நான் மேற்கு மூலைக்குப் போனேன். வந்து உட்கார்ந்தோம். மறுபடி எழுந்தோம். நாலாவது பாட்டு பாதியில் இருக்கும்போதே தண்ணீர் போதும் என்று அப்பா மோட்டாரை நிறுத்தினார். ரேடியோவை நிறுத்தவில்லை.

அப்போதும் நான் அழவில்லை அம்மா. அவர் சொன்னதில் என் தப்பு பாதியாகிவிட்டதாகவும் தோன்றவில்லை. ஒருத்திக்கு இருந்தது இரண்டு பேருக்கு ஆயிற்று, அவ்வளவுதான். ஆனால் வரப்பில் உட்கார்ந்திருந்தபோது காலில் கட்டெறும்பு கடித்தது. சுரீரென்று வலித்தது. நீ போனதிலிருந்து எனக்கு ஒன்று வலித்தது அதுதான் முதல் தடவை. உன்னிடம் சொல்லவேண்டும் என்று இருந்தது.

விதை நின்றுவிட்டது. நாற்று இப்போது ஒரு சாண் உயரம், நல்ல பச்சை. வருகிற வாரத்துக்குப் பிறகு பறித்து நடலாம் என்கிறார் அப்பா. ரேடியோ பகலில் கூடத்துக்கும் சாயங்காலம் கொட்டகைக்கும் போய் வருகிறது. மீன்கார அக்கா வாசலில் சரியாகக் கூடையை இறக்குகிறாள். முதல் நாள் இரண்டு சங்கரா மீனை அதிகமாகப் போட்டுவிட்டுப் போனாள். அத்தை மட்டும் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. தலைதிவசத்துக்கு வருவாள். அன்றைக்கும் பாட்டு இருக்கும் என்று அவளிடம் நானே போனில் சொல்லிவிட்டேன். அப்பாவை முன்னால் விடவில்லை.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். கூடத்தில் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தாலும், யார் என்னைத் திரும்பிப் பார்த்தாலும், இனி என் கையால் அந்தத் திருகை மூடமாட்டேன். அப்பா படுக்கிற நாள் வந்தால் அவர் தலைமாட்டிலும் அது பாடும். அவருக்குப் பாட்டுப் பிடிக்காது என்றுதான் ஊரில் நினைக்கிறார்கள்.

அப்புறம் போடுகிறேன் என்று உன்னிடம் சொன்னேன். அந்த அப்புறம் வருவதற்கு இவ்வளவு நாளாகிவிட்டது. போட்டிருக்கிறேன் அம்மா. இதை எழுதும்போதும் கொட்டகையில் பாடிக்கொண்டிருக்கிறது. இது மூன்றாவது பாட்டு, உனக்குப் பிடித்த நாதஸ்வரம்.

விளம்பரம் வந்துவிட்டது. எழுந்து போய்த் தண்ணீரைப் பார்க்கிறேன்.

வரப்பில் உன் இடத்தில் உட்கார்ந்திருக்கும்
உன் மகள்