நான்கு மூட்டை காய்ந்த குருத்து

அனுப்புநர்:
கைது செய்யப்பட்டவரின் அக்கா,
கரும்பு விவசாயி,
அரசு விதைக் கரும்புப் பண்ணையின் மேற்கு வேலியை ஒட்டிய வயல்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட நிர்வாக அதிகாரி அவர்கள்,
மாவட்ட நிர்வாக அலுவலகம்.

பொருள்: அரசுப் பண்ணைப் பயிரை நாசம் செய்ததாக என் தம்பி மீது போடப்பட்ட வழக்கு – காவல் நிலையத்தில் உள்ள நான்கு மூட்டைகளைப் பயிர்ப் பூச்சி தெரிந்தவர் முன்னிலையில் உடனே திறந்து பார்க்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நானும் என் தம்பியும் அப்பா விட்டுப் போன நிலத்தைப் பாகம் பிரிக்காமல் கரும்பு வைத்துப் பிழைக்கிறோம். ஊரில் அவனுக்கு வைத்த பெயர் 'அவசரம்'. உலையில் அரிசி போடும்போதே கை கழுவிவிட்டு வந்து உட்காருகிறவன். முன்கோபமும் உண்டு, இல்லை என்று மனுவில் பொய் எழுத நான் வரவில்லை. ஆனால் பயிரை நாசம் செய்கிற கை அவனுடையது அல்ல.

2. தாங்கள் கரும்பு வைத்தவராக இல்லாமல் இருக்கலாம் என்பதால் சற்று விளக்க வேண்டியுள்ளது, பொறுத்தருள வேண்டும். கரும்பு சிறு பயிராக இருக்கும்போதே தாக்குவது இளங்குருத்துப் புழு. வெயிலும் வறட்சியும் என்றால் அதற்குக் கொண்டாட்டம். தண்டின் அடியில் துளை போட்டு உள்ளே போய்க் குருத்தைத் தின்னும். நடுக்குருத்து மட்டும் காய்ந்து நிற்கும். பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும், முகர்ந்தால் அழுகல் நாற்றம் அடிக்கும். அப்படிப்பட்ட பயிரை அடியோடு அறுத்துப் புழுவோடு எரித்துவிட வேண்டும். விட்டுவைத்தால் புழு கூடு கட்டி, வைக்கோல் நிற அந்துப்பூச்சியாகப் பறந்து, அடுத்த பயிரில் முட்டை வைக்கும். வேலி, எல்லைக்கல், அரசு, தனியார் என்ற பேதமெல்லாம் அதற்குக் கிடையாது.

3. எங்கள் வயலில் செய்ய வேண்டியதைச் செய்தோம். சோகையை, அதாவது காய்ந்த கரும்பு இலையை, பார் வரிசைகளுக்கு இடையே பரப்பி மண் சூட்டைத் தணித்தோம். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி தண்ணீர் விட்டோம். தூருக்கு லேசாக மண் அணைத்தோம். அந்தப் பூச்சியின் முட்டைக்குள்ளேயே தன் முட்டையை வைத்து அதை அழிக்கும் ஒரு குளவி உண்டு, எறும்பைவிடச் சிறியது. அது வளரும் முட்டைகளை அட்டையில் ஒட்டித் தருகிறார்கள். அதை வாங்கி இலைக்கு அடியில் கட்டினோம். மருந்து அடித்தால் குளவியும் சாகும் என்று தெளிப்பானைத் தொடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தோம். அப்படியும் கிழக்கு வரிசைகள் மட்டும் காய்ந்துகொண்டே வந்தன. கிழக்கே இருப்பது தங்கள் அரசின் விதைக் கரும்புப் பண்ணை.

4. அங்கே மோட்டார் எரிந்து, பழுது பார்க்க அனுமதி வராமல், பயிர் தண்ணீரைக் கண்ணால் காணாமல் கிடந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்றாலே தூருக்குத் தூர் குருத்து காய்ந்திருப்பது தெரியும். ஊருக்கெல்லாம் நல்ல விதை தர வேண்டிய இடம் ஊருக்கெல்லாம் புழு வளர்த்தது. பண்ணை மேலாளரிடம் போய், கூலி வேண்டாம், நாங்களே அறுத்துத் தருகிறோம் என்றோம். "உங்க வயலை நீங்க பாருங்கம்மா, அரசாங்க வயலை அரசாங்கம் பாத்துக்கும்" என்றார். தம்பி விடவில்லை. "அரசாங்கம் பாக்குறதுக்குள்ள எங்க கரும்பு போயிடும் சார். நீங்க அறுக்கலைன்னா நான் வந்து அறுப்பேன்" என்று மேசையைத் தட்டிவிட்டு வந்தான். இப்போது மேலாளரின் புகாரில் அதுதான் கொலை மிரட்டல் மாதிரி முதல் வரியில் நிற்கிறது.

5. சொன்னதைச் செய்தான். கடந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், அரிவாளும் சாக்குமாக வேலியைத் தாண்டினான். நாசம் செய்ய வந்தவன் அறுத்ததைச் சாக்கில் திணித்து வாயைக் கட்டிக்கொண்டா இருப்பான்? அங்கேயே வீசிவிட்டுப் போயிருக்க மாட்டானா? நாலாவது மூட்டையைக் கட்டும்போது பண்ணைக் காவலாளி வந்துவிட்டார். தம்பி ஓடவில்லை. "அண்ணே, இதைக் கொளுத்த ஒரு இடம் காட்டுங்க" என்று கேட்டிருக்கிறான். பதிலுக்கு விழுந்தது மண்வெட்டிக் காம்பு. வலது கை விரல்கள் இன்றுவரை மடங்கவில்லை. சிறையில் நான் பார்த்தபோது இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

6. மறுநாளே அந்த வயலில் டிராக்டரை விட்டு உழுது புரட்டிவிட்டார்கள். சேதமான பயிரை வைத்து என்ன செய்வது என்பது மேலாளரின் விளக்கம். காய்ந்த குருத்தை அறுக்க ஆள் இல்லாத பண்ணைக்கு டிராக்டர் ஓட்ட மட்டும் ஆள் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டேன். ஆகவே, அவன் அறுத்தது நல்ல பயிரா, புழு விழுந்த பயிரா என்று காட்ட மிச்சம் இருப்பது அந்த நான்கு மூட்டைகள்தான்.

7. அவை காவல் நிலையத்தின் பின்னறையில், பழைய சைக்கிள்களுக்கு நடுவே, முத்திரை வைத்துக் கிடக்கின்றன. என் தம்பியின் குற்றத்துக்குச் சாட்சி என்கிறார்கள். பிரித்து ஒவ்வொரு குருத்தாகப் பிளந்தால் உள்ளே புழு இருக்கும். நல்ல பயிர் ஒன்றுகூட இருக்காது; அவன் கண்ணுக்கு நான் உத்தரவாதம். விசாரணை அடுத்த மாதம் என்றார்கள். அதுவரை தாங்காது என்றேன். "எங்கம்மா போயிடப் போகுது, மூட்டைக்குக் காலா முளைச்சிருக்கு?" என்றார் ஏட்டு. அடுத்த மாதத்துக்குள் புழுவெல்லாம் பூச்சியாகிப் போய்விடும் ஐயா. மிஞ்சுவது மக்கிய சருகு. அதில் துளை எது, மக்கிக் கிழிந்தது எது என்று யாராலும் சொல்ல முடியாது. அதைக் காட்டி, பச்சைப் பயிரை அறுத்தான் என்று சொன்னால் நீதிபதி நம்பத்தான் செய்வார். பிறகு எத்தனை வருடமோ.

8. எனவே, நீதிமன்ற அனுமதி பெற்று, பண்ணையைச் சேராத ஒரு பூச்சி நிபுணரை வைத்து, மூட்டைகளை உடனே திறந்து, படம் எடுத்துப் பதிவு செய்ய உத்தரவிட வேண்டுகிறேன். பார்த்து முடித்ததும் அவற்றைக் குப்பையில் கொட்டாமல் எரிக்கச் சொல்ல வேண்டும். தம்பியின் கையை ஒரு எலும்பு மருத்துவரிடம் காட்ட வேண்டும். மோட்டாரைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். இதில் சேர்த்தால் இதுவும் அந்த மோட்டார்க் கோப்போடு போய் உறங்கிவிடும்.

9. கடைசியாக ஒன்று. நேற்று மாலை காவல் நிலைய பெஞ்சில் காத்திருந்தேன். விளக்குப் போட்டதும், குழல் விளக்கைச் சுற்றி வைக்கோல் நிறத்தில் இரண்டு அந்துப்பூச்சிகள் பறந்தன. அந்தத் தெருவில் கரும்பு கிடையாது. கடைகளும் தார் ரோடும்தான். பின்னறைக் கதவின் அடியிலிருந்து இன்னொன்று வெளியே வந்து சுவரில் ஏறியது. ஏட்டு நாளிதழைச் சுருட்டி அதை ஒரே அடியில் நசுக்கினார். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்க தம்பிக்குச் சாட்சி யாராவது இருந்தா கூட்டிட்டு வாங்கம்மா" என்றார்.

மற்றவை பறந்து போவதற்குள் உத்தரவிடுங்கள் ஐயா.

இடம்: தங்கள் அலுவலக வாசல்
நாள்: திங்கட்கிழமை, கைதாகி ஒன்பதாம் நாள்

உத்தரவு வரும்வரை இங்கேயே காத்திருக்கும்,
(கையொப்பம்)
கைதானவரின் அக்கா