அம்மாவின் மெத்தையும் இரும்பு மூக்கு ஷூவும்

அன்பு மகளுக்கு,

நீ அங்கே நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே கணுக்காலுக்கு மேலே நாங்கள் எல்லோரும் நலம். கணுக்காலுக்குக் கீழே என் நிலவரத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

குடோனில் கொடுத்த சேஃப்டி ஷூ காலைக் கடிக்கிறது, அம்மா அனுப்பிய பாத மெத்தையை ஷூவுக்குள்ளே போட்ட பிறகு கடி கூடிவிட்டது, செருப்போடு வேலைக்குப் போனதைச் சூப்பர்வைசர் பார்த்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்றார் என்றெல்லாம் எழுதியிருந்தாய். வேலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், பிள்ளை திரும்பி வரட்டும் என்கிறாள் அம்மா. அது வரைக்கும் தாங்கட்டும் என்று இன்னொரு ஜோடி மெத்தையையும் பார்சல் கட்டி வைத்திருக்கிறாள். அத்தனை பேரோடு மல்லுக்கட்டி நீ வாங்கிய வேலையைச் சுண்டுவிரல் பேச்சைக் கேட்டு விடுவதில் எனக்குச் சம்மதமில்லை. அதனால் எதிர்வீட்டு வெல்டரிடம் அவருடைய பழைய சேஃப்டி ஷூவை இரவல் வாங்கினேன். என் காலுக்கு ஒரு அளவு சின்னது, ஆராய்ச்சிக்கு அதுவே தகுதி.

உன் சித்தப்பாவுக்குத் தெரியாத விஷயம் உண்டா, பையில் தண்ணீர் நிரப்பி ஷூவுக்குள் திணித்து ஃப்ரீசரில் வை, ஐஸ் உப்பி ஷூவை விரித்துவிடும் என்றார். வைத்தோம். அம்மா மீன் எடுக்கப் போய் வெல்டரின் ஷூவை எடுத்தாள். அதன்பின் வீட்டில் நிலவிய குளிருக்கு ஃப்ரீசர் அநாவசியம். அடுத்து இரண்டு கம்பளி சாக்ஸ் போட்டு, காலை நுழைத்து, அம்மாவின் ஹேர் டிரையரால் ஷூவுக்குச் சூடு காட்டினேன். தண்ணீர் கேன் போட வந்தவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, சாருக்குக் காலில் முடி ஜாஸ்தியோ என்று அம்மாவிடம் மரியாதையாக விசாரித்தார். இரண்டிலும் ஷூவின் தோல் சற்று இளகியது உண்மை. முன்னால் இருக்கிற இரும்பு மூக்கு மட்டும், சித்தப்பாவின் கருத்துகளைப் போல, எதற்கும் அசையவில்லை.

என் முகத்தைப் பார்த்து அம்மாவுக்கே இரக்கம் வந்து, உனக்கென்று கட்டிய பார்சலைப் பிரித்து மெத்தைகளை எடுத்து ஷூவுக்குள் போட்டுத் தந்தாள். இரண்டு காலையும் விட்டேன், போயின. எடுக்கப் பார்த்தேன், இரண்டும் வரவில்லை. சித்தப்பா ஷூவை இழுக்க, அம்மா என்னைப் பின்னால் இழுக்க, வலது ஷூ கழன்று சித்தப்பா அலமாரியில் போய் உட்கார்ந்தார். உங்கள் கால் வீங்கிக் கிடக்கிறது, மெத்தையில் ஒரு குறையும் இல்லை என்று அம்மா தீர்ப்புச் சொன்னாள். அவள் அந்தப் பக்கம் போனதும் கழன்ற ஷூவுக்குள் கையை விட்டேன். கம்பெனி மெத்தை ஏற்கெனவே உள்ளே படுத்திருக்க, அதன் முதுகில் அம்மாவின் மெத்தை. பாதம் மேலே ஏறி இரும்பில் முட்டாமல் என்ன செய்யும்? கீழே இருந்ததை உருவிவிட்டுப் போட்டேன், வெண்ணெயில் கத்தி போல இறங்கியது.

நீயும் அதைத்தானே செய்திருக்கிறாய்? உடனே ஒன்றை உருவி எடு. சாக்ஸ் ஒன்று போதும். விரல் பக்கத்துக் கயிற்றைத் தளர்த்திக் கட்டு. வீட்டில் சாயங்காலம் கொஞ்சம் போட்டு நட. அப்புறமும் விரல் இரும்பில் இடித்தால் வெட்கப்படாமல் பெரிய அளவு கேட்டு வாங்கு, இரும்பு யாருக்காகவும் விரியாது. செருப்போடு மட்டும் போகாதே, மேலே விழும் பெட்டிக்கு உன் கஷ்டம் தெரியாது.

இடது ஷூ இன்னும் என்னோடுதான் இருக்கிறது. வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்கிறார் வெல்டர். எதை என்று சொல்லவில்லை.

நீ நின்ற இடத்தில் நிலைத்து, நடக்கும் வழியெல்லாம் நல்லபடியாக நடக்க வேண்டும் என்பதே எங்கள் ஆசி. ஒன்றை மறக்காதே. அம்மாவுக்கு எழுதும்போது மெத்தையால்தான் கால் பிழைத்தது என்று எழுது. அது பொய்யாகிவிடாமல் பார்த்துக்கொள்: உருவ வேண்டியது கீழே இருக்கிற கம்பெனி மெத்தையை. மேலே இருப்பது அம்மா. அதில் கை வைக்காதே.

இப்படிக்கு,
ஒரு காலில் ஷூவும் மறு காலில் செருப்புமாக,
உன் அப்பா