என் பார்சலைத் தின்ற மச்சாளுக்கு

கிளினிக்கில் இன்று தந்த திரிபோசாச் சத்துமாப் பைக்கற்றை வெட்டினேன். வறுத்த மாவின் அந்த மணம் மூக்கில் ஏறியதும் ஓங்காளம் வந்தது. அதன் பின்னாலேயே உன்மேல் கோபம் வந்தது. ஓம், உன்மேல்தான். செத்தவர்களைக் கோபிக்கக் கூடாதாம். எனக்கு அதெல்லாம் தெரியாது.

வயிற்றில் இரண்டாவது பிள்ளை. பழைய வருத்தமும் கூடவே திரும்பிவிட்டது. சோற்றைக் கண்டால் பயம், தின்றால் கிணற்றடிக்கு ஓட்டம். "மசக்கைதானே புள்ள, எல்லாருக்கும் உள்ளதுதான்" என்கிறார் மாமி, உன் அம்மா. முதல் பிள்ளைக்கும் இதையேதான் சொன்னார். மசக்கை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சுனாமியில் கடல் வந்துபோன பிறகு பள்ளிக்கூட முகாமில் ஒரே வகுப்பறையில் கிடந்தோம். முதல் பிள்ளை எனக்கு மூன்று மாதம். அம்மாவின் உடல்கூடக் கிடைக்கவில்லை. பிணம் தின்ற மீன் என்று ஊரே மீனை விட்டிருந்தது. வாவி மீனைக்கூட யாரும் தொடவில்லை. அதனால்தான் என்னை ஒருவரும் கவனிக்கவில்லை. நான் மீனை மட்டுமா விட்டேன்? சோற்றையும் விட்டேன். வீடும் அம்மாவும் போன பிறகு வாயை மூடுவது ஒன்றுதான் என் கையில் இருந்தது. வயிறு காயும்போது மனம் கொஞ்சம் அடங்கியது.

நீ கண்டுபிடித்தாய். கண்டுபிடித்து என்ன செய்தாய்? மாமி பார்க்கும்போது நான் சோற்றுப் பார்சலைப் பிரிப்பேன். அவர் திரும்பியதும் உன் பக்கம் தள்ளுவேன். "அம்மா ஏசுவா. இங்க தா கா, நான் திங்கிறன்" என்று இரண்டையும் தின்றுவிட்டு, வெறும் தாளை என் முன்னால் வைப்பாய். பாசமாம்! என் பிள்ளையின் சோற்றையல்லவா தின்றாய். நானும் அதற்கு உனக்கு நன்றி சொன்னேன், பார்.

மகள் பூனைக்குட்டி அளவில் பிறந்தாள். எனக்குப் பால் இல்லை. பிள்ளை பெற்றவளுக்கென்று மாமி மிளகும் மஞ்சளும் அரைத்துச் சரக்குக் கறி வைத்தார். வழக்கம்போல் தட்டை உன் பக்கம் தள்ளினேன். உன் கையும் வந்தது. அப்போது பிள்ளை அழுதாள். அழக்கூடத் தெம்பில்லாத அழுகை. நீ கையை இழுத்துக்கொண்டாய்.

"இனி உன்ட பங்க நான் திங்கமாட்டன். நீ ஒரு பிடி திண்டாத்தான் நானும் ஒரு பிடி."

நாற்பது நாளும் அப்படியே என் எதிரில் குந்தினாய். உன்னைப் பேய் என்று ஏசினேன், தட்டைத் தூக்கி எறிந்தேன். நீ வேறு தட்டில் போட்டுக்கொண்டு வந்தாய். தின்று முடித்தாலும் கிணற்றடிக்கு விடாமல் கையைப் பிடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசினாய். நான் அழுதால், "முழுங்கிப்போட்டு அழு கா" என்பாய். ஒரு நாள் நான் பிடிவாதமாக இருக்க, பொழுதுபடும்வரை நீயும் பட்டினி கிடந்தாய். மகள் மெல்ல மெல்லத் தேறினாள்.

சண்டையில் வன்னிப் பாதையைப் பூட்டுவதற்கு முன் கலியாணம் முடித்து அங்கே போனாய். போகாதே என்று சொன்னேனே, கேட்டாயா? சண்டை முடிந்து, அங்கிருந்து வந்த ஒரு பெண் மாமியிடம் சொன்னாள். கஞ்சிக்கு வரிசையில் நின்றபோது ஷெல் விழுந்ததாம். உன் கையில் பாத்திரம் இருந்ததாம். இரண்டு பார்சல் தின்ற உனக்கு ஒரு கரண்டி கஞ்சி கிடைக்கவில்லையா? பசியில் நின்ற சனத்தின் மேல் அடித்தவர்கள் எந்தக் கையால் சோறு தின்கிறார்கள்? பாசிக்குடாக் கடற்கரையில் ஹோட்டல் கட்டப் போகிறார்களாம், எல்லாம் முடிந்துவிட்டதாம். யாருக்கு முடிந்தது?

இன்று கிளினிக்கில் என் எடையைப் பார்த்த மிட்வைஃப் அம்மா முகத்தைச் சுளித்தார். "மசக்கை போல" என்று அவரும் எழுதப் போனார்.

"இல்ல மிஸ், இது மசக்கை இல்ல. நான்தான் வேணுமெண்டு விரல் விட்டுச் சத்தி எடுக்கிறன். முதல் பிள்ளைக்கும் இப்பிடித்தான்."

உன்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாததை முதல்தடவையாகச் சொன்னேன். அவர் பேனையை வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். முழுவதையும் கேட்டார், ஏசவில்லை. பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு எழுதித் தந்து, அடுத்த கிழமை தானும் கூட வருவதாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து, மாவில் சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டு இரண்டு உருண்டை பிடித்தேன். மகள் எதிரே வந்து குந்தினாள். "அம்மா, எனக்கும் ஒண்டு." ஐந்து வயது, உன்னைப்போலவே எதையும் தின்பாள். என் கை தானாகத் தட்டை முழுதாக அவள் பக்கம் தள்ளியது. தள்ளிய பிறகுதான் அதைக் கண்டேன். தட்டைத் திரும்ப இழுத்தேன். ஒன்றை அவளுக்குக் கொடுத்தேன். மற்றதை நானே தின்றேன், உன்னை ஏசி ஏசித் தின்றேன்.

முழுங்கிப்போட்டுத்தான் அழுதேன்.