முறிகூட்டி இலை

கொல்லம் 1095, மீனம்
மிஷன் ஆஸ்பத்திரி

பாறசாலை வீட்டில் இருக்கும் சௌபாக்கியவதிக்கு,

குடலில் இருந்த கட்டியைத் துரை டாக்டர் அறுத்தெடுத்துப் போட்ட தையல் நன்றாகத்தான் கூடி வந்தது. வெள்ளிக்கிழமை நீ வந்துபோன மறுநாள் சீழ் பிடித்து வாய் பிளந்துவிட்டது. கட்டுத்துணியில் பச்சைக் கறை. "கட்டை யார் அவிழ்த்தது?" என்று டாக்டர் கத்தினார். எனக்குத் துணையாக இருக்கும் என் தங்கை மகன் பூதலிங்கம் தலையைக் குனிந்துகொண்டான்.

எனக்கு வேறென்ன தோன்றும்? நம் குடும்ப வழக்கப்படி நான் கண்ணை மூடினால் நிலபுலன் எல்லாம் தங்கை மகனான அவனுக்கு. நீயும் பிள்ளைகளும் வீட்டைவிட்டு இறங்க வேண்டியதுதான். அன்றிலிருந்து அவன் கையால் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவன் தூங்கும்வரை நான் தூங்குவதுமில்லை.

இன்று நீ கொடுத்தனுப்பிய கஞ்சியோடு ஓர் இலைப்பொதி வந்தது. பிரித்தேன். முறிகூட்டி இலை. நம் கிணற்றடியில் நீ நட்டது; அரிவாள் பட்ட காயத்துக்கெல்லாம் நீ பிழிந்து விடுவது.

அதைப் பூதலிங்கத்திடம் நீட்டினேன்.

"மாமா உறங்கினப்போ மாமிதான் சாறு விட்டாவ. என்னெச் சந்தேகப்பட்டா படுங்க. மாமிக்க மேல பழி வரப்பிடாதுண்ணாக்கும் நான் பேசாம இருந்தது" என்றான்.

அவனிடமே தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

நான் செத்தால் தெருவில் நிற்கப்போகிறவள் நீதான். உன்னை மட்டும் நான் சந்தேகப்படவே இல்லை.

வெள்ளிக்கிழமை வா. வெறுங்கையோடு வா.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரர்